தலைப்பாகையோடு போன ஆண்டுகள்

2016 மே 11 அன்று இரவு, இங்கிலாந்துக் கால்பந்தின் உச்சப் பிரிவான பிரீமியர் லீக்கில் என் அணியான சண்டர்லேண்ட் எவர்ட்டனோடு மோதியபோது என் மடியில் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. ஒரு பக்கத்தை மூன்று பத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் அணியின் பெயரையும் அதன் புள்ளிகளையும் எழுதியிருந்தேன்: சண்டர்லேண்ட் 35, நியூகாசில் 34, நார்விச் 31. எங்களுக்கும் நார்விச்சுக்கும் இரண்டு ஆட்டங்கள் மீதமிருந்தன. நியூகாசிலுக்கு ஒன்றே ஒன்று. கடைசி மூன்று அணிகள் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும்; ஆஸ்டன் வில்லா எப்போதோ மூழ்கிவிட்டதால் எஞ்சிய மூவரில் ஒருவர் மட்டுமே கரையேற முடியும். வான் ஆன்ஹோல்ட்டின் ஃப்ரீ கிக் வலைக்குள் போனபோது பென்சிலைக் கையில் எடுத்தேன். கோனே இடைவேளைக்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக இரண்டு கோல் போட்ட பிறகு நியூகாசில் பத்தியின் மீது குறுக்குக் கோடு கிழித்தேன். அவர்கள் கடைசி ஆட்டத்தை வென்றாலும் 37தான். எங்களுக்கு 38 வந்துவிட்டது. அந்தக் கோட்டை நான் எவ்வளவு அழுத்திக் கிழித்தேன் என்பது மறுநாள் தாளைத் திருப்பியபோதுதான் தெரிந்தது. அடுத்த பக்கத்திலும் அதன் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது.

(அந்த மைதானத்தில் நான் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. ஆனாலும் 'எங்களுக்கு' என்று எழுத எனக்குக் கூச்சமில்லை. இதை ரசிகர்களிடம் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களிடம் விளக்கிப் பயனில்லை.)

நான்கு நாள் கழித்து, ஏற்கெனவே தரமிறங்கிவிட்ட நியூகாசில், பட்டியலின் உச்சியில் நின்ற அணிகளுள் ஒன்றான டாட்டன்ஹாமைத் தன் சொந்த மைதானத்தில் 5-1 என்று அடித்து நொறுக்கியது. அதுவும் பத்துப் பேரோடு. ஆட்டம் முழுவதும் அரங்கம் பயிற்சியாளர் ரஃபா பெனிடெஸின் பெயரைப் பாடிக்கொண்டே இருந்தது. போய்விடாதே என்பதுதான் அந்தப் பாட்டின் பொருள். நியூகாசில் ரசிகரான என் நண்பர் ஒருவர் அன்றிரவு எனக்கு ஒரே வரியில் எழுதினார்: "உண்மையைச் சொல், இன்று யாருடைய இடத்தில் இருக்க உனக்கு ஆசையாக இருக்கிறது?" நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். தோற்றவன் சமாதானம் தேடுகிறான் என்றே நினைத்தேன். அந்தக் கேள்விக்கு இத்தனை ஆண்டுகள் கழித்து, ஆற அமர, பதில் எழுதிப் பார்க்கிறேன்.

கீழ்வரிசையில் உழலும் அணிகளின் ரசிகர்களிடையே ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு வழக்கு நடக்கும். ஒரு தரப்பு, எப்பாடு பட்டாவது பிரீமியர் லீக்கில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று வாதாடும். மறுதரப்பு, வாராவாரம் உதை வாங்கிப் பதினேழாம் இடத்தில் மூச்சு விடுவதைவிட ஒருமுறை இறங்கி, அழுக்கைக் கழுவி, வெற்றியின் ருசியை மீண்டும் அறிந்து ஏறி வருவதே மேல் என்று சொல்லும். இருபது அணிகள், முப்பத்தெட்டு ஆட்டங்கள், கடைசி மூவர் வெளியே என்ற எளிய விதிக்குள் இவ்வளவு தர்க்கத்துக்கு இடமிருக்கிறதா என்று வெளியாட்கள் வியக்கலாம். ஆனால் இறங்கச் சொல்கிறவர்கள் தோல்வியை விரும்புகிறவர்கள் அல்லர். "இறங்கிவிட்டால்கூடப் பரவாயில்லை" என்று ஒரு ரசிகர் சொன்னால், "எனக்குக் களைத்துவிட்டது" என்று அதைப் பெயர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் அனுபவம்.

களைப்புக்குக் காரணம் இருக்கத்தான் செய்தது. 2013இல் மார்ட்டின் ஓநீலை நீக்கிவிட்டு டி கானியோவைக் கொண்டுவந்து, அவர் நியூகாசிலை அவர்கள் மண்ணிலேயே 3-0 என்று வீழ்த்தி, 39 புள்ளிகளோடு பதினேழாம் இடத்தில் தப்பித்தோம். 2014இல் கஸ் போயெட்டின் கீழ் ஆறு ஆட்டங்கள் மீதமிருக்கையில் கடைசி இடத்தில், பாதுகாப்புக் கோட்டுக்கு ஏழு புள்ளி கீழே கிடந்தோம். அப்புறம் மான்செஸ்டர் சிட்டியோடு 2-2, செல்சியை அவர்களது மைதானத்தில் 2-1, கார்டிஃபை 4-0, மான்செஸ்டர் யுனைடெட்டை ஓல்ட் டிராஃபோர்டில் 1-0, வெஸ்ட் பிராமை 2-0 என ஐந்து ஆட்டங்களில் பதின்மூன்று புள்ளிகள். செல்சியில் மொரின்யோ அதுவரை சொந்த மண்ணில் ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்றதில்லை. அந்தச் சாதனையை உடைத்தது பட்டியலின் கடைசி அணி. 2015இல் போயெட் போய் டிக் அட்வகாட் வந்து, ஆர்சனலோடு 0-0 என்று சமன் செய்து தப்பித்து, முதியவர் மைதானத்திலேயே கண் கலங்கினார். 2016இல் அலர்டைஸ். நான்கு வசந்தங்கள், நான்கு கண்டங்கள், நான்கு பயிற்சியாளர்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஒவ்வொரு முறையும் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். தலைப்பாகை வாங்கிய கடன் எவ்வளவு என்று எவரும் கேட்கவில்லை.

நான் அந்தத் தப்பித்தல்களைக் குறைத்துப் பேச வரவில்லை. அந்த 2014 ஏப்ரலைப் போன்ற ஒரு மாதத்தை, நடுவரிசையில் நிம்மதியாகப் பன்னிரண்டாம் இடத்தில் முடிக்கும் அணியின் ரசிகர் பத்தாண்டு காத்திருந்தாலும் அனுபவிக்க மாட்டார். ஆனால் ஒவ்வொரு தப்பித்தலும் ஒரு வாய்தா. வழக்கு முடியவில்லை, அடுத்த மே மாதத்துக்குத் தள்ளிப்போடப்பட்டது, அவ்வளவுதான். ஜனவரியில் அவசரத்துக்கு ஆள் எடுப்பது, புதிய பயிற்சியாளர் பழையவர் வாங்கிய வீரர்களை ஓரங்கட்டுவது, அவர் போனதும் அடுத்தவர் அதையே செய்வது என்று போனதில், ஒருவர் விட்டுப்போன வீரர்களின் மீது அடுத்தவர் வாங்கியவர்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்தார்கள்; சம்பளப் பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று; கடன் பத்துக் கோடி பவுண்டைத் தாண்டியது.

தப்பிப்பதே வீண் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது, ஏனெனில் லெஸ்டர் இருக்கிறது. 2015 ஏப்ரல் தொடக்கத்தில் எங்களைப் போலவே கடைசி இடத்தில் ஏழு புள்ளி பின்தங்கிக் கிடந்த அணி அது. கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று, 41 புள்ளிகளோடு தப்பித்தது. மறு ஆண்டு 2016 மே 2 அன்று இங்கிலாந்தின் சாம்பியன் ஆனது, அதாவது நாங்கள் எவர்ட்டனை வென்று பதினேழாம் இடத்துக்காகக் கூத்தாடியதற்கு ஒன்பது நாள் முன்பு. லெஸ்டர் 2015 கோடையில், கிடைத்த உயிரைக் கொண்டு கான்டே என்ற நடுக்கள வீரரை வாங்கியது. நாங்கள் எங்களுக்குக் கிடைத்த உயிரைக் கொண்டு அடுத்த ஆபத்தை வாங்கினோம். தப்பித்தலின் மதிப்பு அந்த மே மாதத்தில் இல்லை. அதற்கடுத்த மூன்று மாதங்களில்தான் இருக்கிறது. ரசிகர்களோ அந்த மூன்று மாதங்களில் ஓய்வெடுத்துக்கொள்கிறோம்.

எங்கள் 2016 கோடை இப்படிப் போயிற்று: ஜூலையில் அலர்டைஸ் இங்கிலாந்து அணியின் மேலாளராகக் கிளம்பிவிட்டார், டேவிட் மோயஸ் வந்தார். 38 ஆட்டங்களில் ஆறு வெற்றி, 24 புள்ளி, கடைசி இடம். 2017 ஏப்ரல் 29 அன்று போர்ன்மத்திடம் சொந்த மைதானத்தில் 0-1 என்று தோற்றதும் எல்லாம் முடிந்தது. பத்தாண்டு வாசம் ஒரு சனிக்கிழமை மதியத்தில் தீர்ந்தது. அதே பருவத்தில் நியூகாசில், இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பில் 46 ஆட்டங்களில் 29 வெற்றிகளோடு 94 புள்ளி எடுத்து முதலிடம் பிடித்து மேலே வந்துவிட்டது. இந்த இரண்டு எண்களை, ஆறையும் இருபத்தொன்பதையும், அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு ரசிகர் ஒரு பருவத்தில் எத்தனை முறை மகிழ்ச்சியாக வீடு திரும்பினார் என்பதை வைத்து அளந்தால், கண்டம் தப்பிய நாங்கள் பரம ஏழைகள், இறங்கியவர்கள் வாழ்ந்தார்கள். என் நண்பர் மீண்டும் எழுதவில்லை. எழுதாமல் இருந்ததுதான் அதிகம் வலித்தது.

இந்த இடத்தில் நிறுத்தினால் வழக்கு இறங்கச் சொன்னவர்கள் பக்கம் முடிந்துவிடும். ஆனால் அடுத்து நாங்கள் இறங்கினோமே, அந்தக் கதை வேறு.

"யானை படுத்தாலும் குதிரை மட்டம்" என்பதுதான் அந்தக் கோடையில் எங்கள் பேச்சு. கிட்டத்தட்ட 49,000 இருக்கைகள் கொண்ட அரங்கம், நூற்றாண்டு தாண்டிய பெயர், பாராசூட் பணம் வேறு. பிரீமியர் லீக்கிலிருந்து விழும் அணிக்கு, மேலே இருப்பவர்கள் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் ஒளிபரப்புப் பணத்தில் முதல் ஆண்டு 55, இரண்டாம் ஆண்டு 45, மூன்றாம் ஆண்டு 20 விழுக்காடு கிடைக்கும் (ஒரே பருவம் மட்டும் மேலே இருந்துவிட்டு விழுந்தால் மூன்றாம் ஆண்டு கிடையாது). விழுகிறவர் எலும்பு முறியாமல் இறங்கத்தான் அந்தக் குடை. ஆனால் முதுகில் பாறாங்கல்லைக் கட்டிக்கொண்டு குதிப்பவருக்குக் குடை எதற்கு உதவும்?

அந்தப் பாறையின் ஒரு துண்டை நெருங்கிப் பார்க்கலாம். விவரமான கிளப்புகள் வீரர்களின் ஒப்பந்தத்திலேயே, அணி தரமிறங்கினால் சம்பளம் இத்தனை விழுக்காடு தானாகக் குறையும் என்று ஒரு பிரிவை எழுதிவைக்கும். 2014இல் மான்செஸ்டர் சிட்டியிலிருந்து நாங்கள் வாங்கிய ஜாக் ராட்வெல்லின் ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவு இல்லை. இரண்டாம் அடுக்கில், பெரும்பாலும் ஆடாமலே, அவர் வாரத்துக்கு 70,000 பவுண்ட் பெறுவதாகப் பத்திரிகைகள் எழுதின. அவர்மீது கோபப்பட்டவர்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு தரப்பு. இந்த அணி ஒருநாள் இறங்கக்கூடும் என்பதை அந்த மேசையில் யாரும் எண்ணிப் பார்க்கத் துணியவில்லை, அதுவும் மூன்று மாதம் முன்புதான் மயிரிழையில் தப்பித்திருந்த கோடையில்! எப்படியாவது தப்பித்துவிடுவோம் என்ற பழக்கம் அலுவலகம் வரை ஏறியிருந்தது.

ஆக, சாம்பியன்ஷிப்பில் வெற்றியின் ருசி எங்களுக்குக் கிடைக்கவில்லை. 2016 டிசம்பரில் வாட்ஃபோர்டை வென்றதற்குப் பிறகு சொந்த மைதானத்தில் அடுத்த வெற்றி கிடைத்தது 2017 டிசம்பரில், ஃபுல்லமுக்கு எதிராக. இடையே 364 நாட்கள். கோடை, பயிற்சியாளர், பிரிவு எல்லாம் மாறியும் அந்தப் புல்தரை மாறவில்லை. 2018 ஏப்ரல் 21 அன்று பர்ட்டன் ஆல்பியன் வந்தது. ஆட்டம் முடியும் தறுவாய்வரை 1-0 என்று முன்னிலையில் இருந்தோம். சமன் செய்த கோலை அடித்தவர் டாரன் பென்ட். ஒரு காலத்தில் எங்கள் சட்டையில் கோல்களைக் குவித்து நாங்கள் கொண்டாடியவர். கூடுதல் நேரத்தில் இரண்டாவது கோலும் விழுந்து, நாங்கள் மூன்றாம் அடுக்குக்குப் போனோம். எங்களை இறக்கிய பர்ட்டனும் அதே பருவத்தில் இறங்கியது என்பது எனக்கு ஆறுதல் தரவில்லை. அன்று நான் நோட்டுப் புத்தகத்தை எடுக்கவே இல்லை.

கழுவிக்கொள்ள இறங்குவோம் என்கிறவர்கள் கீழே படித்துறை இருப்பதாக நம்புகிறார்கள். நியூகாசிலுக்கு இருந்தது, பெனிடெஸ் தங்கினார், சிசோக்கோவையும் வைனால்டமையும் நல்ல விலைக்கு விற்றார்கள், அந்தப் பணத்தில் அந்தப் பிரிவுக்கு ஏற்ற ஆட்களை வாங்கினார்கள். எங்களுக்கு வெறும் சேறு. லீட்ஸைக் கேட்டால் இன்னும் விரிவாகச் சொல்வார்கள்: 2004இல் இறங்கி, 2007இல் இன்னும் ஒரு படி இறங்கி, மீண்டும் பிரீமியர் லீக்கைப் பார்த்தது 2020இல். லூட்டன் 2024இல் மேலிருந்து விழுந்து, 2025இல் மூன்றாம் அடுக்கில் போய் நின்றது. ஆகவே எந்தப் பிரிவில் ஆடுவது என்பதைவிட, எந்த உடல்நிலையில் அந்தப் பிரிவுக்குப் போய்ச் சேருகிறோம் என்பதே என் கணக்கில் பெரிது. 2013இல், கடன் இவ்வளவு ஏறும் முன், ஒழுங்காக இறங்கியிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போமோ என்று சில இரவுகளில் யோசித்ததுண்டு. அப்படி இறங்கியிருந்தால் அந்த 2014 ஏப்ரல் எனக்கு இருந்திருக்காது. இங்கேதான் என் தராசு எப்போதும் ஆடத் தொடங்கிவிடுகிறது.

மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக அது எனக்குப் பிடித்துப்போயிற்று. 2018 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பிராட்ஃபோர்டுக்கு எதிரான ஆட்டத்துக்கு 46,039 பேர் வந்தார்கள். மூன்றாம் அடுக்கு ஆட்டம் ஒன்றுக்கு! பதினேழாம் இடத்துக்காக நகம் கடித்த ஆண்டுகளில் அந்த அரங்கில் ஒருவித எரிச்சல் நிரந்தரமாகக் குடியிருந்தது. முதல் தவறான பாஸிலேயே முணுமுணுப்பு எழும். கீழே போன பின் அந்த எரிச்சல் கரைந்தது. இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவர்களின் உற்சாகம் அது. ஆனால் உடனே ஏறிவிடவும் இல்லை. அந்தப் பருவத்தில் ஐந்தே ஆட்டங்களில் தோற்று, பத்தொன்பது ஆட்டங்களைச் சமன் செய்து, மேலே ஏறும் கடைசி இடத்துக்கான பிளே-ஆஃப் இறுதியில் சார்ல்ட்டனிடம் கடைசி நிமிடத்தில் கோல் வாங்கினோம். நான்கு பருவங்கள் அங்கேயே கழிந்தன. 2022 மே மாதம் வைகோமை 2-0 என்று வென்று சாம்பியன்ஷிப் வந்தோம்.

இதனிடையே எனக்கு ஒரு பழைய புதிர் திரும்பத் திரும்ப நினைவுக்கு வரும். 2013 மே 11 அன்று விகன் அணி, மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது, பென் வாட்சன் கடைசி நேரத்தில் தலையால் முட்டிய கோல். மூன்றே நாளில் ஆர்சனலிடம் 4-1 என்று தோற்றுத் தரமிறங்கியது. அதன்பின் இன்றுவரை மேலே வரவில்லை. கோப்பையோடு இறங்குவாயா, கோப்பையின்றிப் பதினேழாம் இடத்தில் இருப்பாயா என்று யாராவது கேட்டால் நான் தயங்காமல் கோப்பை என்றுதான் சொல்வேன். ஆனால் இந்தத் தேர்வை எந்த அணிக்கும் எவரும் தட்டில் வைத்து நீட்டுவதில்லை. இறங்குகிற அணிகளில் பெரும்பாலானவை கையில் ஒன்றுமில்லாமல்தான் இறங்குகின்றன. எதைக் கொடுத்து எதை வாங்கலாம் என்று ரசிகர்கள் நடத்தும் இந்தப் பண்டமாற்று முழுவதும் கற்பனைச் சந்தையில் நடப்பது. ஆகஸ்டிலும் டிசம்பரிலும் அது நடக்கும். கடைசி வாரத்தில் நடக்காது. இறங்குவதே நல்லது என்று பருவம் முழுக்கத் தர்க்கம் பேசியவர், முப்பத்தெட்டாம் ஆட்டத்தில் எதிரணிக்கு கார்னர் கிடைத்தால் முகத்தைப் பொத்திக்கொள்கிறார். அறிவு போட்ட கணக்கை உடம்பு ஒப்புக்கொள்வதே இல்லை.

இன்றைக்கு அந்தத் தராசே வேறு மாதிரி ஆகிவிட்டது. 2023-24இல் ஏறிவந்த மூன்று அணிகளும் அதே பருவத்தில் திரும்பிப் போயின. 2024-25இலும் அப்படியே, அதில் சவுத்தாம்ப்டன் எடுத்தது மொத்தமே 12 புள்ளி. நாற்பது புள்ளி எடுத்தால் பாதுகாப்பு என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கணக்கு. 2003இல் வெஸ்ட் ஹாம் 42 எடுத்தும் இறங்கியது. 2024-25இலோ 26 எடுத்திருந்தால் போதும், தப்பியிருக்கலாம். அப்படி 26 புள்ளியில் தப்பிப்பதைத் தப்பிப்பது என்று சொல்வதா, இன்னும் மோசமானவர்கள் மூவர் இருந்தார்கள் என்று சொல்வதா? மேலே போக வேண்டுமா என்றே இப்போது சாம்பியன்ஷிப் ரசிகர்கள் சிலர் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். முன்பு நாங்கள் இறங்கலாமா என்று கேட்ட அதே குரல்தான், வேறு படியில் நின்று பேசுகிறது.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அந்த மே மாதத்தில் யாருடைய இடத்தில் இருக்க ஆசை? நியூகாசில் 2025 மார்ச்சில் லிவர்பூலை வீழ்த்தி லீக் கோப்பையை வென்றபோது, எழுபது ஆண்டுகளில் அவர்களுக்கு உள்நாட்டில் கிடைத்த முதல் பெரிய கோப்பை அது, நானே அவருக்கு எழுதினேன்: அன்று உங்கள் இடத்தில் இருந்திருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன் என்று. அவர் எழுதிய பதில் நான் எதிர்பாராதது. இறங்கியதால் வந்த கோப்பை அல்ல அது, அந்த இரவில் நீங்கள் தோற்று நாங்கள் தப்பியிருந்தால் நான் இன்னும் அதிகமாகத்தான் மகிழ்ந்திருப்பேன் என்றார். மேலும், அந்த 5-1ஐ அரங்கமே கொண்டாடியபோது தான் மட்டும் வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுததாகவும், அன்று எனக்கு அனுப்பிய கேள்வி அதற்குப் பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதியது என்றும் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து, 2025 மே 24 அன்று, பிளே-ஆஃப் இறுதியில் ஷெஃபீல்ட் யுனைடெட்டிடம் 0-1 என்று பின்தங்கி, மாயெண்டா சமன் செய்து, தொண்ணூறு நிமிடத்துக்குப் பின் சேர்த்துக் கொடுத்த நேரத்தின் ஐந்தாம் நிமிடத்தில் டாம் வாட்சன் அடித்த கோலில் சண்டர்லேண்ட் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு பிரீமியர் லீக் திரும்பியது. ஆகஸ்டில் முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள் அந்தப் பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். குறுக்குக் கோடு கிழித்த பக்கமும், தடம் பதிந்த அடுத்த வெற்றுப் பக்கமும் அப்படியே இருந்தன. அந்த வெற்றுப் பக்கத்திலேயே முப்பத்தெட்டுக் கட்டங்களை வரைந்தேன். பள்ளத்தின் மீது வரும் இடங்களில் பென்சில் கொஞ்சம் தடுக்கியது. பிறகு மேல் மூலையில், அந்தக் கணக்கு இப்போதெல்லாம் பலிப்பதில்லை என்று தெரிந்தும், 40 என்று எழுதி வட்டமிட்டேன்.